நெறிமுறை வரைவில் ஒரு சொல்லைப் பிடித்துக் கேள்வி கேட்பது எப்படி

இணையத்தில் கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைகளில் (புரோட்டோகால்) ஒன்று டிசிபி. தரவுக்கு முன்னால் போகும் குறிப்புப் பகுதியான அதன் ஹெட்டரில் அர்ஜெண்ட் பாயிண்டர் என்று ஒரு புலம் உண்டு, அனுப்பும் தரவில் அவசரமான பகுதி எதுவரை என்று காட்ட. இந்த மாதிரி விதிகளை வெளியிடும் ஆவணத்துக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1981-இல் வந்த ஆர்எஃப்சி 793-இல் ஓரிடத்தில், அந்தப் புலம் அவசரத் தரவுக்கு அடுத்த ஆக்டெட்டை (8 பிட் கொண்ட அலகு) காட்டும் என்று எழுதியிருக்கிறது. அதே ஆவணத்தில் பல பக்கங்கள் தள்ளி, அவசரத் தரவின் கடைசி ஆக்டெட்டைக் காட்டும்படி கணக்குப் போட்டிருக்கிறது. ஒரே ஒரு ஆக்டெட் வித்தியாசம். 1989-இல் ஆர்எஃப்சி 1122 வந்து, கடைசி ஆக்டெட்தான் சரி, மற்றது பிழை என்று தீர்த்துவைத்தது. ஆனால் பெரும்பாலான நிரல்கள் மற்ற அர்த்தத்திலேயே ஓடின, யாரும் அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் 2011-இல் ஆர்எஃப்சி 6093, நடைமுறையில் இருப்பதே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விதியைத் திருப்பியது, கூடவே புதிய செயலிகள் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்றும் சொல்லிவிட்டது.

முப்பது வருஷம். வரைவாக இருந்தபோதே ஒருவர் ‘எந்த ஆக்டெட்?’ என்று பிடித்துக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கக்கூடிய விஷயம்.

அந்த மாதிரிக் கேள்வியைக் கண்டுபிடிப்பதும் கேட்பதும் எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். இந்த நெறிமுறைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் அட்டை என்று எதுவும் கிடையாது, வரைவுகள் எல்லாம் பொதுவில்தான் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படித்துக் கருத்துச் சொல்லலாம். நுட்பம் முழுக்கத் தெரியாவிட்டாலும் சொற்களை ரிவ்யூ செய்ய முடியும். சொல்லப்போனால் பாதி தெரிந்தவர்தான் இதை நன்றாகச் செய்வார், எல்லாம் தெரிந்தவர் வரைவில் இருக்கும் ஓட்டைகளைத் தன் தலையில் இருப்பதை வைத்தே அடைத்துக்கொண்டு படித்துப்போய்விடுவார்.

மனத்தில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் இந்த வரியை மட்டும் படித்து ஆளுக்கொரு நிரல் எழுதினால், அந்த இரண்டும் பேசிக்கொள்ளுமா? சொல் அழகாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு யாருக்கும் நேரமில்லை.

விளக்கப் பகுதியை முதலில் படிக்காதீர்கள்

வரைவின் தொடக்கத்தில் சொற்களுக்கான விளக்கம் என்று ஒரு பகுதி இருக்கும். பலரும் அதை முதலில் படித்துவிட்டு உள்ளே போவார்கள். நான் அதைத் தாண்டிவிடுவேன். நேராக உள்ளே போய், திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘எனக்கு இது இப்படிப் புரிகிறது’ என்று ஒரு வரி எழுதுவேன். முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் விளக்கப் பகுதிக்குத் திரும்புவது. என் வரியும் அவர்கள் வரியும் ஒத்துப்போகாத இடங்கள்தான் ரிவ்யூவின் முதல் பட்டியல். விளக்கத்தை முதலிலேயே படித்துவிட்டால், உள்ளே சொல் தடம் மாறும்போது கண் அதைக் கவனிக்காது, ஏற்கெனவே தெரிந்துகொண்ட அர்த்தத்தையே போட்டு நிரப்பிக்கொள்ளும்.

பட்டியலைப் பார்த்தால் இரண்டு வகைக் கோளாறு தெரியும். ஒன்று, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்: மூன்றாம் பிரிவில் ‘செஷன்’ என்றது ஐந்தாம் பிரிவில் ‘கனெக்‌ஷன்’ ஆகியிருக்கும், பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதியதால். இதைச் சரிசெய்வது எளிது. இரண்டாவது வகை, ஒரே பெயருக்குள் இரண்டு பொருள்கள், இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ என்றால் யார்? மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையின் உறையில் மெயில் ஃப்ரம் கட்டளையோடு போகும் முகவரியா, கடிதத்தின் உள்ளே ஃப்ரம் வரியில் நாம் பார்க்கும் முகவரியா, அல்லது செண்டர் என்ற தனி ஹெட்டரில் இருப்பதா? மூன்றும் வேறு வேறாக இருக்கலாம், இருப்பதும் உண்டு. மின்னஞ்சல் பற்றிய எந்த வரைவிலும் ‘செண்டர்’ என்று மொட்டையாக வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடலாம்.

இதை ஒழுங்காகச் செய்த ஆவணம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால், 2021-இல் வந்த குவிக் நெறிமுறையின் ஆர்எஃப்சி 9000-ஐத் திறந்து பாருங்கள். குவிக் பாக்கெட் வேறு, அதைச் சுமந்துசெல்லும் யுடிபி என்ற நெறிமுறையின் டேட்டாகிராம் வேறு, ஒரு டேட்டாகிராமுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். வெறுமனே ‘முகவரி’ என்று சொன்னால் ஐபி பதிப்பு, ஐபி முகவரி, யுடிபி போர்ட் எண் மூன்றும் சேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ‘முகவரி மாறினால்’ என்று தொடங்கும் ஒவ்வொரு விதிக்கும் போர்ட் மட்டும் மாறினால் என்ன செய்வது என்று தனியாகச் சண்டை போட வேண்டியிருக்கும்.

நீளம் என்றால் எதன் நீளம்

எண்ணோடு சம்பந்தப்பட்ட சொற்களுக்குத் தனிச் சுற்று ஒன்று வையுங்கள். ‘லெங்த்’ என்ற புலம் எல்லா நெறிமுறைகளிலும் உண்டு, எல்லாவற்றிலும் வேறு அர்த்தம். ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பான ஐபிவி4-இன் மொத்த நீளத்தில் ஹெட்டரும் அடக்கம். ஐபிவி6-இன் பேலோட் (சுமக்கும் தரவு) நீளத்தில் 40 ஆக்டெட் அடிப்படை ஹெட்டர் சேராது, ஆனால் அதற்குப் பின்னால் வரும் நீட்டிப்பு ஹெட்டர்கள் சேரும். யுடிபி நீளத்தில் தன்னுடைய 8 ஆக்டெட் ஹெட்டரும் சேர்த்தி, அதனால் 8-க்குக் குறைந்த நீளம் சாதாரணமாக வரவே முடியாது. ஐபிவி6-இன் ஹாப்-பை-ஹாப் என்ற நீட்டிப்பு ஹெட்டரின் நீளமோ 8 ஆக்டெட் அலகில், அதுவும் முதல் 8 ஆக்டெட்டை விட்டுவிட்டு. இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒரு புதிய வரைவில் ‘லெங்த்: செய்தியின் நீளம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன அலகு, எங்கிருந்து எங்கே வரை, இந்தப் புலமே அதில் சேருமா, பூஜ்யம் வந்தால் என்ன அர்த்தம் என்று நான்கு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

நேரத்துக்கும் இதே கதைதான். ‘60 விநாடி செல்லுபடியாகும்’ என்றால் அனுப்பியதிலிருந்தா, வந்து சேர்ந்ததிலிருந்தா? இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், ஒரு பதிலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று காட்டும் டிடிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035 அதை ஓரிடத்தில் குறியுள்ள (எதிர்மறையும் ஆகக்கூடிய) 32 பிட் எண் என்றும் இன்னோரிடத்தில் குறியில்லாத 32 பிட் எண் என்றும் சொல்கிறது. பத்து வருஷம் கழித்து ஆர்எஃப்சி 2181-தான் குறியில்லாதது, 0 முதல் 2147483647 வரை என்று முடித்துவைத்தது. கணினியில் ஒரு புலத்தின் பெயரைத் தேடி அது வரும் எல்லா இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், இந்த மாதிரி முரண் தானாகவே கண்ணில் படும். நிபுணத்துவமே தேவையில்லை.

வினைச்சொல்தான் பெரிய வம்பு

பெயர்ச்சொல்லை எல்லோரும் வரையறுப்பார்கள், வினையை யாரும் வரையறுக்க மாட்டார்கள். ‘இக்னோர்’, ‘டிஸ்கார்ட்’, ‘டிராப்’, ‘ரிஜெக்ட்’ நான்கும் ஒரே வரைவில் மாறிமாறி வரும், எழுதியவருக்கு நான்கும் ஒன்றாகவே கூட இருந்திருக்கலாம். நிரல் எழுதுபவருக்கு அப்படியில்லை. தெரியாத புலத்தை இக்னோர் செய் என்றால் அந்தப் புலத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கையாளலாம், அல்லது முழுச் செய்தியையும் தூக்கிப் போடலாம். தூக்கிப் போட்டதை எதிர்முனைக்குச் சொல்ல வேண்டுமா? எண்ணிக்கையில் சேர்க்க வேண்டுமா? இணைப்பு அப்படியே இருக்குமா? ஆர்எஃப்சி 1122 இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆவணம். ‘சைலண்ட்லி டிஸ்கார்ட்’ என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல், அனுப்பிய முனைக்குப் பிழையைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியும் அனுப்பாமல் விட்டுவிடுவது, ஆனால் சிக்கலைக் கண்டுபிடிக்க உதவியாகப் பதிவுசெய்யும் வசதி இருப்பது நல்லது என்று இரண்டு சொல்லுக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறது.

வினை விடுபட்டுப்போவதும் வம்புதான். 1998-இல் வந்த ஐபிவி6-இன் ஆர்எஃப்சி 2460-இல், நீட்டிப்பு ஹெட்டர்களை, ஒரு விதிவிலக்கு தவிர, வழியில் உள்ள எந்த முனையும் ஆராயவோ செயல்படுத்தவோ செய்யாது என்று இருந்தது. சரி, வழியில் ஒரு ரூட்டர் புதிதாக ஒரு ஹெட்டரைச் செருகலாமா? செருகக் கூடாது என்று அங்கே எழுதவில்லையே என்று ஒரு தரப்பு, அது சொல்லாமலே விளங்க வேண்டியது என்று இன்னொரு தரப்பு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2017-இல் ஆர்எஃப்சி 8200-இல் செயல்படுத்தவோ, செருகவோ, நீக்கவோ செய்யாது என்று மூன்று வினையாக ஆனது. அதனால் ஒரு விதியைப் பார்க்கும்போது அதில் உள்ள வினையோடு நிற்காமல், அதன் கூடப் பிறந்த வினைகளையும் கேட்டுப் பாருங்கள்: படிக்கலாம் என்றால் மாற்றலாமா, மாற்றலாம் என்றால் நீக்கலாமா.

அப்புறம் ஒரு சின்ன உபாயம். ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி என்பது இங்கே குறையில்லை, லாபம். சந்தேகமான வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், தமிழ் உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும். ‘தி சர்வர் மே நாட் ரிப்ளை’ என்பதைத் தமிழில் சொல்லப் போனால் ‘பதில் அனுப்பக் கூடாது’ என்பதா ‘பதில் அனுப்பாமலும் போகலாம்’ என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். ‘தி கனெக்‌ஷன் இஸ் க்ளோஸ்ட்’ என்பது மூடப்படுகிறதா, ஏற்கெனவே மூடியிருக்கிறதா, மூடப்படும் என்றால் எந்தப் பக்கம் மூடும்? மொழிபெயர்க்கக் கை தயங்குகிற இடமெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய இடம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் இந்த வரிகளில் தடுக்கி விழவே மாட்டார், அதுதான் ஆபத்து.

பெரிய எழுத்துச் சொற்கள்

‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ போன்றவற்றின் அர்த்தம் 1997-இல் ஆர்எஃப்சி 2119-இல் வரையறுக்கப்பட்டது. 2017-இல் ஆர்எஃப்சி 8174, முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்பு அர்த்தம் என்று தெளிவாக்கியது. ஆகவே சின்ன எழுத்தில் ஒரு ‘மஸ்ட்’ வந்தால், அது விதியா வெறும் விவரிப்பா என்று கேட்பதில் தவறே இல்லை. ‘மே நாட்’ என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது, பெரிய எழுத்தில் வந்தால் கண்டிப்பாகச் சுட்டுங்கள். ‘ஷுட்’ வரும் இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: எப்போது இதைச் செய்யாமல் இருக்கலாம்? பதிலே இல்லையென்றால் அது ‘மஸ்ட்’ ஆக இருக்க வேண்டும், அல்லது அந்த வாக்கியமே வேண்டாம். (2013 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆர்எஃப்சி 6919 என்று ஒன்று வந்தது, ‘செய்தே ஆக வேண்டும், ஆனால் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும்’ என்கிற மாதிரிப் புதிய சொற்களோடு. விளையாட்டுக்கு எழுதியதுதான், ஆனால் நாலு வரைவு படித்தவருக்குச் சிரிப்போடு கொஞ்சம் வலியும் வரும்.)

இரவல் சொற்களைப் பற்றி அதிகம் நீட்ட வேண்டாம்: வரைவு வேறு ஆர்எஃப்சியிலிருந்து ஒரு சொல்லை எடுத்திருந்தால் அந்த ஆர்எஃப்சியைத் திறந்து பாருங்கள், அவ்வளவுதான். டிஎன்எஸ் சொற்களுக்கான தொகுப்பு 2015-இல் ஆர்எஃப்சி 7719, 2019-இல் 8499, 2024-இல் 9499 என்று மூன்று முறை வந்துவிட்டது. பழைய எண்ணை மேற்கோள் காட்டினால் பழைய அர்த்தம் உள்ளே வந்துவிடும். வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியில் 1999-இன் ஆர்எஃப்சி 2616-இல் ‘எண்டிடி’ என்று இருந்தது 2014-இல் ‘ரெப்ரசெண்டேஷன்’ என்று மாறியது. இன்றைக்கு ஒரு வரைவில் ‘எண்டிடி’ என்று பார்த்தால் ஆசிரியர் எந்தக் காலத்து ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து எழுதினார் என்று தெரிந்துவிடும்.

எழுதிக் கேட்பது

‘பிரிவு 4.2 தெளிவாக இல்லை’ என்று எழுதாதீர்கள். ஆசிரியருக்கு அது தெளிவாகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டார். நீங்கள் காட்ட வேண்டியது இரண்டு வாசிப்புகளை. கற்பனையாக ஒரு வரைவை வைத்துக்கொண்டு, இதை நான் இப்படி எழுதுவேன்:

‘பிரிவு 4.2, மூன்றாம் பத்தி: “காலாவதியான டோக்கனை சர்வர் புறக்கணிக்க வேண்டும்.” இதை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறது. ஒன்று, டோக்கனே வராதது போல் எண்ணிக் கோரிக்கையைத் தொடர்ந்து கையாள வேண்டும். இரண்டு, கோரிக்கையையே கைவிட வேண்டும், பதில் அனுப்பக் கூடாது. க்ளையண்ட் முதல் வாசிப்பையும் சர்வர் இரண்டாவதையும் பின்பற்றினால், க்ளையண்ட் பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்ததும் அதே டோக்கனோடு மறுபடி அனுப்பும், இது முடியவே முடியாது. பிரிவு 6-ஐப் பார்த்தால் முதல் வாசிப்பைத்தான் நினைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் இப்படி மாற்றலாமா: “டோக்கன் காலாவதியாகியிருந்தால், டோக்கன் இல்லாத கோரிக்கையைப் போலவே சர்வர் அதைக் கையாள வேண்டும்.”’

இதில் இடம் இருக்கிறது, இரண்டு அர்த்தம் இருக்கிறது, இரண்டும் மோதினால் கம்பியில் என்ன நடக்கும் என்பது இருக்கிறது, மாற்று வாக்கியமும் இருக்கிறது. ஆசிரியர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், ‘ஆமாம், மாற்றிவிட்டேன்’ அல்லது ‘இல்லை, இரண்டாவதுதான், அதை எழுதிவிடுகிறேன்’. மாற்று வாக்கியம் தவறாக இருந்தாலும் கவலை வேண்டாம், தவறான வாக்கியத்தைப் பார்த்தால் ஆசிரியருக்குச் சரியானதை எழுதக் கை தானாக வரும். உங்களுக்கு உண்மையிலேயே எது சரி என்று தெரியவில்லை என்றால் மட்டும் வாக்கியத்தைத் தராமல் இரண்டு வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், யூகத்தைத் தீர்மானம் போல எழுத வேண்டாம்.

இன்னொன்று. ரிவ்யூக்களில் பெரிய பிரச்சினை, சின்னப் பிரச்சினை, நிட்ஸ் (சில்லறைத் திருத்தங்கள்) என்று பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. சொல் பற்றிய கேள்வி என்றாலே அதைக் கடைசியில் நிட்ஸில், எழுத்துப்பிழைகளோடு சேர்த்துப் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. அங்கே போட்டால் அது கால்புள்ளி திருத்தத்தோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு நிரல்களின் நடத்தை வேறாகும் என்றால் அது பெரிய பிரச்சினை, ஒரே ஒரு சொல்லாக இருந்தாலும்.

பெயர் பிடிக்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எச்டிடிபியில் ‘ரெஃபரர்’ ஹெட்டரில் ஓர் எழுத்து குறைவு, அந்தப் பிழை 1996-இன் ஆர்எஃப்சி 1945-இலிருந்தே அப்படியே இருக்கிறது. 401 என்ற பதில் குறியீட்டுக்கு ‘அன்ஆதரைஸ்ட்’ என்று பெயர், ஆனால் அது சொல்வது நீங்கள் யார் என்று இன்னும் நிரூபிக்கவில்லை என்பதை. பதிலைச் சேமித்துவைப்பது பற்றிய ‘நோ-கேஷ்’ என்றால் சேமிக்காதே என்று அர்த்தமில்லை, மறுபடி பயன்படுத்தும் முன் மூலச் சர்வரிடம் சரிபார் என்றுதான் அர்த்தம். சேமிக்காதே என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’ இருக்கிறது. மூன்று பெயரும் மோசம், மூன்றும் வேலை செய்கின்றன, ஏனென்றால் வரையறை திடமாக இருக்கிறது. யாரும் இன்னும் பயன்படுத்தத் தொடங்காத வரைவில் குழப்பும் பெயரைப் பார்த்தால் ஒருமுறை சொல்லுங்கள், ஏற்காவிட்டால் வரையறையை இறுக்கிவிட்டு நகருங்கள்.

எப்போது கேட்பது, பிறகு என்ன

சீக்கிரம். ஒரு வரைவு புதுப்பிக்கப்படாவிட்டால் சுமார் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே உயிரோடு இருக்கும் வரைவுக்குப் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும், பணிக்குழுவின் கையில் இருக்கும்போது ஒரு சொல்லை மாற்றுவது பெரிய விஷயமில்லை. கருத்துக் கேட்டு ஐஇடிஎஃப் முழுமைக்கும் விடும் கடைசி அழைப்பில், பணிக்குழு ஆவணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் கிடைக்கும், அதுவரை பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒப்புதல் தரும் குழுவான ஐஇஎஸ்ஜி பார்க்கும்போது, அதிலுள்ள பகுதி இயக்குநர் ஒருவர் ‘டிஸ்கஸ்’ என்ற ஆட்சேபம் போட்டு நிறுத்தினால் மட்டுமே அர்த்தம் மாறும் திருத்தங்கள் எளிதாக நடக்கும். கடைசியில் வெளியிடும் முன் ஆசிரியர்கள் சரிபார்க்கும் ஆத்48 என்ற கட்டம், பெயரில் 48 மணி நேரம், நடப்பில் பெரும்பாலும் அதைவிட அதிகம். அங்கே ஆசிரியர்கள் வார்த்தைகளைத் துடைக்கலாம், ஆனால் ‘இக்னோர்’ என்பதை ‘ரிஜெக்ட்’ ஆக்க முயன்றால் விவகாரம் திரும்பவும் மேலே போகும்.

பதில் வந்து, மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிட்டால் வேலை முடியவில்லை. புதிய பதிப்பையும் பழையதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பைத் திறந்து பாருங்கள். ‘செஷன்’ என்பதை எல்லா இடத்திலும் ‘கனெக்‌ஷன்’ என்று ஒரே தட்டில் மாற்றியிருப்பார்கள், அதில் வேறு நெறிமுறையின் ‘செஷன் டிக்கெட்’ என்பதும் ‘கனெக்‌ஷன் டிக்கெட்’ ஆகியிருக்கும். படங்கள், உதாரணங்கள், பிற்சேர்க்கை, நெறிமுறைகளின் எண்களையும் பெயர்களையும் பதிவுசெய்யும் ஐஏஎன்ஏவுக்கான பகுதி, இந்த நான்கிலும் பழைய சொல் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம், அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.

எல்லாம் தாண்டி ஆர்எஃப்சியாக வெளிவந்த பிறகுதான் ஓட்டை கண்ணில் பட்டது என்றால், பிழைத்திருத்தம் பதியும் வழி இருக்கிறது. ஆனால் அங்கே கேள்வி மாறிவிடும்: எது நல்லது என்று பார்க்க மாட்டார்கள், வெளியிட்ட சமயத்தில் குழு எதை நினைத்தது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் குழுவின் பழைய விவாதத்திலிருந்து ஆதாரத்தைத் தேடி எடுத்துக் கூடவே கொடுங்கள். அப்போதும், அடுத்த பதிப்பு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைக்கப்படலாம், அடுத்த பதிப்பை எழுத யாராவது உட்காரும் வரை அது அங்கேயேதான் இருக்கும்.